மஞ்சளுக்கு அடியில் மூன்று எழுத்து

பேரனை எதில் சேர்க்கலாம், பேத்திக்கு எது சரிப்படும் என்று வைகாசி பிறந்ததும் நம் வயதுக்காரர்கள் வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. கேளம்பாக்கத்தில் என் மகன் குடியிருக்கும் அடுக்ககத்தில், போன வாரம் லிஃப்ட் கீழிருந்து ஒன்பதாம் மாடிக்குப் போவதற்குள் நான்கு படிப்புகளுக்கு எதிர்காலம் உண்டு, மூன்றுக்கு இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இல்லாத மூன்றில் விலங்கியலும் ஒன்று. தீர்ப்புச் சொன்னவர் நல்ல மனிதர்தான். எனக்கு மட்டும் லிஃப்டுக்குள் ஃபார்மலின் வாசனை அடித்தது.

தேதி குறித்துவைப்பது என் வழக்கம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இந்தக் குறிப்பில் கிழமையும் தமிழ் மாதமும் சரியாக இருக்கும். வருஷத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது என்பது போதும்.

செங்கல்பட்டில், கொளவாய் ஏரியை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. அப்பாவின் அப்பா வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ரயில்வே சட்டை போட்ட முதல் ஆள் அப்பா. எங்கள் வகையறாவிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் சித்தி, என் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் சிறு வயதிலிருந்தே எங்களோடுதான் இருந்தாள். தாம்பரம் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம். காலையில் மின்சார ரயில், மாலையில் மின்சார ரயில். அவள் வீட்டுக்குள் வந்தால் முதலில் வருவது, தவளையையும் மீனையும் கெடாமல் ஊறவைக்கிற அந்த ஃபார்மலின் வாசனை. அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் கிட்டப் போய் இழுத்து இழுத்து முகர்வேன்.

குவார்ட்டர்ஸ் குழாயடியில் படிப்புகளுக்கு ஒரு அட்டவணை இருந்தது. அதைப் போட்டவர் பக்கத்து வீட்டு கார்டு மாமா, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடி பிடித்துப் போகிறவர். பி.காம். என்றால் எக்ஸ்பிரஸ், ஏறினால் நேராக பேங்க் வாசலில் இறக்கிவிடும். கணக்குப் படித்தவனுக்குப் பாசஞ்சர், மெதுவாகப் போனாலும் பள்ளிக்கூடத்தில் நிற்கும். வேதியியலுக்கு மருந்து கம்பெனி. வரலாறு படித்தவன் மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரனுக்குக் கல்லைக் காட்டலாம். சித்தியைக் கண்டால் அவர் குரல் உயரும்.

“ஜுவாலஜி இன்னா தெரியுமா? கூட்ஸ் வண்டி. எங்க நிக்கும், எப்ப கெளம்பும், அதுக்கே தெரியாது.”

“கூட்ஸ் வண்டிலதான மாமா சரக்கு கீது,” என்றாள் சித்தி ஒரு நாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. குழாயடி சிரித்தது. கார்டு மாமாவும் சிரித்தார். அட்டவணையை மட்டும் மாற்றவில்லை.

சித்தியிடம் ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது. தடித்த அட்டை, இடப்பக்கம் படம் வரைய வெள்ளைத் தாள், வலப்பக்கம் கோடு போட்டது. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை அவள் எச்.பி. பென்சிலால் வரைந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பென்சிலை பிளேடால் சீவி, நுனியை சிமென்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்குவாள். கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும் என்பாள். உலகத்திலேயே அருவருப்பான பூச்சி அந்தத் தாளில் கோலம் மாதிரி இருந்தது.

அந்த மாசி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்னை மகாபலிபுரம் கூட்டிப்போனாள். கல்லூரியில் ஒப்படைக்கச் சிப்பியும் நண்டு ஓடும் பொறுக்க வேண்டியிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் பொறுக்கிப் போட்டதில் பாதியைத் தள்ளிவிட்டாள். பிறகு பஸ் ஏறி வடக்கே, நெம்மேலிப் பக்கம் வந்தோம். அங்கே சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு முதலைப் பண்ணை. கரையில் மரக்கட்டைகள் அடுக்கியிருப்பதாக நினைத்தேன். ஒரு கட்டை வாயைத் திறந்தது. நான் சித்தியின் தாவணிக்குள் போய்விட்டேன். அவளோ தடுப்புச் சுவரின் மேல் சாய்ந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணல் மேட்டின் பக்கத்தில் ஒரு அக்கா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். சித்தி தயங்கித் தயங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் மணலைப் பற்றியே பேசினார்கள். முட்டை புதைந்திருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நாங்கள் கிளம்பும்போது அந்த அக்கா சொன்னது சித்திக்கு மட்டுமல்ல, எனக்கும் மனப்பாடம்:

“டிகிரி முடிச்சிட்டு சர்டிபிகேட்டோட வாங்க. பாஸ் பண்ணியிருக்கணும், அது மட்டும் கண்டிப்பு. ஆள் வேணும் எங்களுக்கு.”

திரும்பும் பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உப்புக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். அவளை அப்படி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா, “மொதலைக்கு சோறு போட டிகிரியா?” என்றாள். கார்டு மாமா இன்னும் ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வாயை அகலத் திறந்து மூடிக்காட்டினார். சித்தி கவலைப்படவில்லை. பாஸ் பண்ணினால் வேலை. அவ்வளவு எளிய கணக்காக இருந்தது அது.

சித்திரையில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே கருங்குழியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே வந்த ஒரு ஞாயிறு. மாப்பிள்ளை பி.காம்., கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா. வேலைக்குப் போவதானாலும் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவர் அம்மாவே சொன்னதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பேச்சுக்கு நடுவில் மாப்பிள்ளை என்னைப் பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் என் படிப்பைச் சொல்லவில்லை. ரிசல்ட் பேப்பரில் முதலில் நான்தான் பார்க்க வேண்டும் என்று சித்தியின் பரீட்சை நம்பரை உருப்போட்டு வைத்திருந்தேன். அதை முழுசாக ஒப்பித்தேன். கடைசி மூன்று எண் நானூற்றுப் பதினேழு.

“இன்னொரு தபா சொல்லு பாக்கலாம்,” என்றார் சிரித்துக்கொண்டே. இன்னொரு தடவையும் சொன்னேன். சித்தி உள்ளே தலையில் அடித்துக்கொண்டாளாம்.

ஆனிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, ஆவணி வரை இழுக்க யாருக்கும் மனமில்லை. அதனால் ரிசல்ட் வருவதற்கு முன்பே பத்திரிகை அடிக்க வேண்டியதாயிற்று. வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, பஜார் தெருவில் அச்சகத்துக்கு அப்பா என்னையும் அழைத்துப்போனார். கல்யாணப் பெண்ணை விட்டால், இங்கிலீஷ் எழுத்தைச் சரிபார்க்க வீட்டில் நான்தான் ஆள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அச்சுக் கோப்பவர் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அவர் படிப்பைக் கோத்து வைத்திருந்தார். பெண் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

“பொண்ணு இன்னா படிச்சிகீது அண்ணாத்த?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “பி.எஸ்ஸி.”

ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அப்பா இழுத்தார். வராவிட்டால் என்ன, கல்யாணத்துக்குள் வந்துவிடும், எல்லாரும் போடுவதுதான் என்றார் அச்சுக்காரர். ஒரு பக்கம் பட்டம் இருந்து இன்னொரு பக்கம் மொட்டையாக இருந்தால் பத்திரிகை பார்க்க நன்றாக இருக்காது என்பது அவருடைய தொழில் கவலை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அந்த மூன்று ஈய எழுத்துகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பி, எஸ், சி. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அவர் வைத்தபோது எனக்கே பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. ஸ்டேஷன் புத்தகக் கடையில் பேப்பர் கட்டு பிரிக்கும்போதே நான் நின்றேன். நானூற்றுப் பதினாறு இருந்தது. அடுத்தது நானூற்றுப் பத்தொன்பது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக் கடைக்காரரிடம் வேறு பேப்பர் கேட்டேன். அதிலும் அப்படித்தான் இருந்தது.

கல்லூரியில் விசாரித்ததில், ஒரு தாளில் போய்விட்டது என்று தெரிந்தது. உடலியங்கியல். அவளுக்குப் பிடித்த பாடம் அது. அந்தத் தாள் எழுதிய அன்று காலை அவளுக்குக் காய்ச்சல் இருந்தது என்று பின்னால் அம்மா சொன்னாள். சித்தி அழவில்லை. சாயங்காலம் அப்பா ட்யூட்டி முடிந்து வந்ததும் எதிரில் போய் நின்றாள்.

“ஒரு பேப்பர்தான் மாமா. ஐப்பசியில திரும்ப வெப்பாங்க. எழுதிடறேன். அவங்ககிட்ட சொல்லிட்டா போதும்.”

அப்பா சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை அவர். சித்தியின் ரயில் பாஸை மூன்று வருஷமும் ஒரு நாள் பிந்தாமல் புதுப்பித்துக் கொடுத்தவர்.

“பத்திரிகை போயிடுச்சே கண்ணு. டிகிரின்னு அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. இப்ப பரீட்சைக்கு போறேன்னு கெளம்பினா இன்னா அர்த்தம்? பொய் சொல்லி பொண்ணு குடுத்தாங்கன்னு ஆவும். உன் வாழ்க்கைதான் பேஜாராவும்.”

அன்றைக்குப் புரியவில்லை. இப்போது எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது: பட்டம் வாங்குவதற்கு முன்னால் அதை அச்சடித்தோம், அச்சடித்ததால் அதை வாங்க முடியாமல் போயிற்று. அச்சகத்தில் நான் சும்மா நின்றிருக்கலாம்.

பத்திரிகை மூலைகளில் மஞ்சள் வைப்பது என் வேலை. கட்டுக் கட்டாக வைத்து விரல் நகமெல்லாம் ஒரு மாதம் மஞ்சளாகவே இருந்தது. ரிசல்டுக்கு இரண்டாம் நாள், கடைசிக் கட்டிலிருந்து முப்பது பத்திரிகைகளைச் சித்தி எடுத்துக்கொண்டாள். கல்லூரித் தோழிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் கொடுக்க. மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, நான்கு மூலையிலும் வைத்துவிட்டு, நனைந்த விரலைத் தன் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தித் தேய்த்தாள். மூன்று எழுத்தும் மஞ்சளுக்கு அடியில் போய்விட்டன.

“மூலையிலதான வெக்கணும் சித்தி?”

“இதுக்கு அஞ்சு மூலைடி.”

அவள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று எனக்கு அப்போது கோபம். அம்மாவிடம் போய்ச் சொன்னேன் கூட. அம்மா என்னை முறைத்தாள். உண்மை தெரிந்தவர்களுக்கு மறைத்த பத்திரிகை, தெரியாதவர்களுக்கு மறைக்காத பத்திரிகை என்று இரண்டு வகை அந்தக் கல்யாணத்துக்குப் போயிற்று. மறைத்ததில் ஒன்று என்னிடம் இருக்கிறது. மஞ்சள் இப்போது பழுப்பாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள். கடைசியில் பத்துப் பதினைந்து பக்கம் மிச்சம் இருந்தது. “நீதான் எல்லாத்தையும் எழுதி வெப்பியே, இதுல எழுது,” என்றாள். என் முதல் நாட்குறிப்பு அதில்தான். அப்பாவுக்கு அரக்கோணம் மாற்றலானபோது சாமான்களோடு லாரியில் ஏறிய அந்த நோட்டு, இறங்கவில்லை. பிறகு வாழ்நாளில் எத்தனையோ டைரிகள். அந்த நோட்டை நினைத்துக்கொள்ளாமல் ஒன்றையும் தொடங்கியதில்லை.

ஆடியில் வழக்கப்படி புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அம்மா வீடு எங்கள் குவார்ட்டர்ஸ்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் வார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு முதலில் பஜார் ஸ்டுடியோவுக்குப் போனாள். விளக்கு எரிவதற்கு முன்னால், புதுத் தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்துக் கல்லூரி போய் விண்ணப்பம் கொடுத்தோம். ஹால் டிக்கெட் எங்கள் வீட்டு முகவரிக்கு, என் பெயருக்கு. “தபால்காரர் வந்தா நீதான் வாங்கணும். தீபாவளிக்கு வருவேன்ல, அப்ப குடு,” என்றாள். என் பெயருக்கு வந்த முதல் தபால் அது. பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். புகைப்படத்தின் ஓரத்தில் பாதி முகத்தைத் தொடுகிற மாதிரி கல்லூரியின் வட்ட முத்திரை.

தலை தீபாவளி அந்த வருஷம் சனிக்கிழமை. பரீட்சை அதற்கடுத்த வியாழன், காலை பத்து மணி. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்குக் கடவுள் செயலாகப் பட்டது.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அதிரசத் தட்டு நடுவில் இருந்தது. சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“சொசைட்டில சொல்லிட்டு வந்துக்கீறேன் அண்ணா. வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கலாம்னு… இல்ல, நான் போயிட்டாலும் அது மட்டும் நாலு நாள் இருந்துட்டு வரட்டும்.”

நான் பூகோளப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். சித்தியைப் பார்த்தேன். சித்தி அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சிரித்தார். “அட, இன்னா தம்பி நீங்க. தலை தீபாவளிக்கு வந்த பொண்ணு வாரக்கணக்கா குந்திகினா உங்க வூட்ல இன்னா நெனைப்பாங்க? நாளைக்கு காலையில ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஏறுங்க. அதான் மரியாதி.”

சித்தப்பா சித்தி பக்கம் திரும்பினார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அப்போது எனக்கு அது அப்படிப் படவில்லை; இப்போது படுகிறது. அவள் அதிரசத்தில் ஒட்டிய எள்ளை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா, “சரிண்ணா,” என்றார்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில், சித்தப்பா டிக்கெட் வாங்கப் போன நேரத்தில், ஹால் டிக்கெட்டை அவள் கையில் திணித்தேன். விரித்துத் தன் படத்தை ஒரு முறை பார்த்தாள். மடித்து என் கையிலேயே வைத்து மூடினாள். “பத்திரமா வெச்சுக்கோ.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். மழை. ஏரிப் பக்கமிருந்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மணி அடிக்க அடிக்க, இப்போது முதல் கேள்வி முடித்திருப்பாள், இப்போது படம் வரைந்துகொண்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஐப்பசிக்குள் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்தி மகிழ்ச்சியில்லாமல் வாழ்ந்தாள் என்று சொல்ல மாட்டேன். மீன் ஆயும்போது செவுளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். ஒரு முறை எங்கள் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முதலைப் பண்ணைக்குப் போனோம். மற்றவர்களைப் போலவே டிக்கெட் வாங்கி உள்ளே போனாள். மணல் மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பிள்ளைகளிடம் சூட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி நின்ற அந்நியர்களும் கேட்டார்கள். யாரோ ஒருவர், நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

போன பங்குனியில் சித்தி காலமானாள். ஒரு புதன்கிழமை, விடிந்த பிறகு.

கருமாதிப் பத்திரிகை அடிக்க மதுராந்தகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குச் சித்தப்பாவும் நானும் போனோம். பழைய படம் இருந்தால் எடுத்துவா என்று அவர் சொல்லியிருந்ததால் என்னிடம் இருந்த உறையை அப்படியே கொண்டுபோயிருந்தேன். கடையில் உட்கார்ந்திருந்த பெண் மளமளவென்று தட்டினாள். சிவில் இன்ஜினியரிங் முடித்தவளாம். கார்டு மாமா இருந்திருந்தால் தன் அட்டவணையைத் திருத்தியிருப்பார்.

“அம்மா படிப்பு ஏதாச்சும் போடணுமா ஆன்ட்டி?” என்றாள்.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா சொன்னார்: “வேணாம்மா. பேரு மட்டும் போடு.”

உறையைக் கவிழ்த்தபோது படங்களோடு ஹால் டிக்கெட்டும் மேசையில் விழுந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை அதை மறைக்கப் போயிற்று. அதற்குள் அவர் எடுத்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு மிக அருகே வைத்துப் படித்தார்.

“இது வந்துச்சா?” என்றார். “அப்ப பணம் கட்டி எழுதிப் போட்டாளா?”

தலையாட்டினேன்.

“அவ பாஸ் பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா. நீதான நம்பர் சொன்ன, ரெண்டு தபா. நானும் பேப்பர் வாங்கினேன். நாலு பதினேழு இல்ல.” ஹால் டிக்கெட்டை மேசையில் வைத்தார். “ஐப்பசியில திரும்ப வெப்பாங்கன்னு தெரியாதா எனக்கு? அதுக்குத்தான் இருக்கட்டும்னு கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சரி, அவளுக்கே இஷ்டமில்ல போலன்னு வுட்டுட்டேன். நானா கேட்டா மனசு ஒடிஞ்சிடுவாளேன்னு கேக்கல.”

கடைப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

அவர் ஹால் டிக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தி, இந்தப் படத்தையே போடச் சொன்னார். அவள் அதை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினாள். இருபது வயதுச் சித்தி, கழுத்தில் ஒன்றுமில்லாமல், நிமிர்ந்து, நேரே பார்த்தாள். ஓரத்தில் கன்னத்தைத் தொட்டபடி கல்லூரியின் முத்திரை, ஊதா நிறத்தில்.

“இந்த சீல் மார்க்கை அழிச்சிடறேன் ஆன்ட்டி, ரெண்டு நிமிஷம்தான்.”

“அது இருக்கட்டும்மா,” என்றார் சித்தப்பா.

புரூஃப் என் கைக்கு வந்தது. கிழமை, தேதி, நேரம் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பிழை இல்லை. பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கருமாதிப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கும் வழக்கம் கிடையாது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.